கேட்டுக்கு முதுகு காட்டுகிற அக்கா

அந்த அக்காவை முதல்முறை பார்த்தபோது, சாகத்தான் போகிறாள் என்று நினைத்துக் கத்திவிட்டேன்.

அப்போது நான் தண்ணி கேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கும் நானும் பேசிப் பிரிந்திருந்த நேரம். பிள்ளைப்பாக்கத்தை ஒட்டி, முன்பு வேர்க்கடலை போட்ட நிலத்தில், வில்லா வில்லாவாக ஒரு லேஅவுட் எழும்பியிருந்தது. வீட்டுக்கு வீடு தானாகத் திறக்கிற கேட். லேஅவுட் முகப்பில் பெரிய கேட் ஒன்று, பின்பக்கச் சந்தில் சின்னக் கேட் ஒன்று. எல்லாம் பட்டன், ரிமோட், மோட்டார். அங்கே குடியிருந்தவர்கள் கேட்டைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. கேனைத் தோளில் சுமக்கிற எனக்கு அது சொர்க்கம்தான், கேட் வேலை செய்கிற நாட்களில்.

அன்று முகப்புக் கேட் ரிப்பேர். வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டி, அதன் கால் வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய். சுடிதாருக்கு மேல் ஆம்பளை சட்டை போட்ட ஒரு பெண் மோட்டார் பெட்டியை மூடினாள், ரிமோட்டை அழுத்தினாள். இரும்புக் கேட் கிர்ரென்று கிளம்பியது. உடனே அவள், கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்துபோய், அது வருகிற பாதையிலேயே, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"யக்கா! கேட்டு வருது! நவுரு!"

என் தோளிலிருந்த கேன் நழுவி உருண்டது. கேட் வந்த வேகத்தில் கொஞ்சம் வழுக்கி, அவள் முதுகுக்கு எட்டாத தூரத்தில் நின்று, வந்த வழியே திரும்பிப் போனது.

அவள் கேட்டைப் பார்க்கவில்லை. உருண்டு போகும் என் கேனைப் பார்த்தாள்.

"இன்னாடா கேனு மேல காட்டாத அக்கறைய என் மேல காட்ற? போய்ப் புடி, ரோட்டுக்குப் போவுது பாரு."

அன்றிலிருந்து அவள் எனக்குக் கேட்டக்கா. நான் அவளுக்குத் தண்ணி. அவளுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

எந்தக் கேட்டை ரிப்பேர் செய்தாலும் கடைசியில் அவள் இரண்டு சோதனை வைப்பாள். முதலில் பூசணிக்காய். அதைக் கேட்டின் பாதையில் தரையில் வைப்பாள். கேட் வந்து அதைத் தொட வேண்டும், தொட்டவுடன் திரும்ப வேண்டும். நசுக்கினால் கேட் பெயில். அடுத்தது அவளே. கேட்டின் இரண்டு பக்கத் தூணிலும் முழங்கால் உயரத்தில் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று பதித்திருக்கும். நடுவில் யாராவது வந்தால் அதற்குத் தெரிந்துவிடும், மோட்டாரை நிறுத்திவிடும். மற்றவர்கள் அதை சென்சார் என்பார்கள். அக்கா 'கண்ணு' என்பாள். "பூசணி தொட்டுப் பாக்கறதுக்கு. நான் கண்ணு தெரியுதானு பாக்கறதுக்கு" என்பாள்.

லேஅவுட்டில் பாதிப் பேர் அந்தப் பூசணியைத் திருஷ்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டம்மா, "ஏம்மா, அமாவாசைக்கு வந்து எங்க வாசல்லயும் சுத்திப் போட்டுடேன்" என்று கூப்பிட்டார். அக்கா முகம் மாறாமல், "என் பூசணி ஒடையாதும்மா. ஒடைஞ்சா ஒங்க கேட்டுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றாள். வாரக் கடைசியில் அந்தப் பூசணி அவள் வீட்டில் கூட்டாகிவிடும். திங்கட்கிழமை புதுப் பூசணி வேலைக்குச் சேரும்.

"பூசணிக்கு லீவு இல்லியாக்கா? இஎஸ்ஐ, பிஎஃப் புடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஒன்ன வெச்சே சோதிக்கலாம்னு பாத்தேன். தலையில ஒண்ணும் இல்ல, காத்தாட்டம் கீது. கேட்டுக்குத் தெரியாது."

ஏன் முதுகைக் காட்டி நிற்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்ட பாத்துகினே எவன்டா நடப்பான்? செல்போனப் பாப்பான். கொயந்தைய இயுத்துகினு போவான். முதுவ காட்டினு போறவனுக்கு நிக்கிற கேட்டுதான் கேட்டு."

"பயமா இல்லியா?"

"பாத்துகினு நின்னா ஓடத் தோணும். பாக்காம நின்னா வேல ஒயுங்கா செஞ்சோமானு யோசிக்கத் தோணும்."

லேஅவுட்டில் கேட்டுகள் கெட்டுப்போகிற விதத்தைச் சொன்னால் கேட் செய்தவனே அழுவான். மழைக்காலம் வந்தால் மோட்டார் பெட்டிக்குள் பல்லி குடும்பம் நடத்தும். வெயில் வந்தால் எறும்பு. அக்கா பல்லியைக் காகிதத்தில் ஏந்தி மதில் மேல் விடுவாள், "வாடகை தராம இருந்தது போதும், கெளம்பு" என்று. ஒரகடம் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியில் கண்ணாடிக்குக் கண்புரை விழும். பின்பக்கச் சந்துக் கேட்டுக்கு மாடுதான் வில்லன். ஊர் மாடு ஒன்று அந்தத் தூணில்தான் கழுத்தைத் தேய்க்கும். தேய்த்துத் தேய்த்துக் கண்ணைத் திருப்பிவிடும். அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கேட் திறந்தே கிடக்கும்.

வாட்ச்மேன் கம்பால் விரட்டிப் பார்த்தார். முள் கட்டிப் பார்த்தார். மாடு முள்ளிலும் சுகமாகத் தேய்த்தது. அக்கா வந்து பார்த்துவிட்டுப் போய், எங்கிருந்தோ ஒரு சொரசொரப்பான கருங்கல் தூணைக் கொண்டுவந்து, பத்தடி தள்ளி நட்டாள். மறுநாளிலிருந்து மாடு அங்கே போய்விட்டது.

"மாட்டுக்கும் சர்வீஸா? அதுங்கிட்டயும் ரிமோட் குட்துட்டியா?" என்றேன்.

"அதுக்கு அரிப்பு. ஒனக்கு வாயில அரிப்பு. ஒனக்கும் ஒரு கல்லு நடட்டுமா?"

அந்தச் சந்து பிள்ளைப்பாக்கத்துக்காரர்கள் காலங்காலமாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்த வழி. லேஅவுட் வந்தபோது அதை அடைக்க முடியவில்லை. அதனால் இரண்டு பக்கமும் பட்டன் வைத்து ஒரு கேட் போட்டார்கள். அழுத்தினால் திறக்கும், கொஞ்ச நேரத்தில் தானே மூடும். காலையில் கம்பெனி பஸ் பிடிக்கப் போகிற பெண்பிள்ளைகள், மாடு, சைக்கிள் எல்லாம் அதன் வழியாகத்தான். லேஅவுட்டிலிருந்து அதைத் தினமும் உபயோகித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். அசோசியேஷன் செகரட்டரியின் அப்பா. எண்பதைத் தொட்ட பெரியவர், மங்கி குல்லா, கைத்தடி. மகன் மொட்டைமாடியில் யோகா செய்கிற நேரம் பார்த்து, சந்துக் கேட்டைத் தாண்டி ஊர் டீக்கடைக்கு வந்துவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர். வீட்டில் அவருக்குக் கஷாயம்தான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு டீ சொல்லி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த டீக்குக் கட்டுப்பட்டு வெகுநாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் காத்த ரகசியம் அது ஒன்றுதான்.

பெரியவர் நடை பெருமாள் புறப்பாடு மாதிரி. கேட் திறந்து, அவருக்காகக் காத்திருந்து, மூட நினைத்து, அவர் இன்னும் பாதி வழியில் இருப்பதைப் பார்த்து, மறுபடி திறந்து நிற்கும்.

இப்போது ஆயுத பூஜை கதைக்கு வருகிறேன். கேட்டக்காவுக்கு ஆயுத பூஜை மறுநாள்தான் தீபாவளி. ஏனென்றால் நம் ஆட்கள் அன்றைக்கு எந்த மெஷினையும் விடமாட்டார்கள். கார், மிக்ஸி, ரௌட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கேட்டுக்கு எங்கே வைப்பது? தூணில் அழகாக, வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறதே, அங்கே. மறுநாள் காலை லேஅவுட்டில் ஒரு கேட்டும் மூடாது. கண்ணெல்லாம் மறைந்து, யாரோ நடுவில் நிற்கிறார்கள் என்று நினைத்து எல்லாக் கேட்டும் மரியாதையாகத் திறந்து நிற்கும்.

அக்கா ஈரத்துணியோடு வீடு வீடாக வருவாள். அந்த வருஷம் ஒரு வீட்டுக்காரர் மறித்தார். "பூஜை போட்ட மறுநாளே பொட்டை அழிக்கலாமா?"

"கண்ணுக்கு மேல பொட்டு வெக்கலாம் சார். கண்ணுக்குள்ளயே வெச்சா சாமிக்கே தெரியாது."

ஒரகடம் வரைக்கும் அன்று அவளுக்கு போன். இந்த லேஅவுட்டில் வீட்டுக் கேட்டுகளை முடித்துவிட்டு, சந்துக் கேட்டுக்கு வருவதற்குள் ஒரகடத்துக்கு ஓடிவிட்டாள். சந்துக் கேட் திறந்தே கிடந்தது செகரட்டரிக்குப் பொறுக்கவில்லை. கட்டட வேலைக்கு வந்த ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவன் பெட்டியைத் திறந்து, கண்ணுக்குப் போகிற இரண்டு வயரை ஒன்றாக முறுக்கினான். கேட் ஓடுகிற டிராக்கில் மண் சேர்ந்து அது திணறியதால் மோட்டாரின் பலத்தையும் முழுசாக ஏற்றிவிட்டான். கேட் படாரென்று மூடியது. செகரட்டரி கைதட்டினார். குருடானது கேட். அது கெட்டிக்காரத்தனம் என்று அவருக்குப் பட்டது. இனி யாருக்காகவும் காத்து நிற்காது பாருங்கள்!

அன்று மாலையே, ஷிப்டுக்குப் போன ஊர்ப் பெண் ஒருத்தியின் டிபன் பை அதில் மாட்டியது. அவள் கையை உருவிக்கொண்டாள். டிபன் பாக்ஸ் அப்பளமானது. கேட் முழுக்கத் தயிர் சாதம்.

மறுநாள் அக்கா வந்து பெட்டியைத் திறந்தாள். முறுக்கிய வயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். வயரைப் பிரித்தாள், பலத்தைக் குறைத்தாள், பூசணியை வைத்தாள், நின்றாள். போய்விட்டாள்.

செகரட்டரி போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன்னை யாரும்மா பிரிக்கச் சொன்னது? ஊர் முழுக்க நடந்தா கேட் எப்ப மூடும்? ஞாயித்துக்கிழமை மீட்டிங். மறுபடி முறுக்கிக் கொடு. இல்லைனா கான்ட்ராக்ட் வேற ஆளுக்கு."

அவள் அதை என்னிடம் சொன்னபோது சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தோம்.

"முறுக்கிட்டுப் போவியா, இன்னாக்கா இதுக்குப் போய்" என்றேன். "லேஅவுட்டு அவுங்களோடது. கேட்டும் அவுங்களோடது."

"இந்த லேஅவுட்டு போனா நான் மறுபடி கம்பெனி லைனுக்குத்தான்டா போவணும்."

அவள் முன்பு இங்கே கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றவள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்குமாம். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக. அவசரத்துக்கு ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். பக்கத்து மெஷினில் நின்ற சிநேகிதிக்கு இரண்டு விரல் போனது.

"அந்த டேப்ப நானும் தெனம் பாத்தேன்டா. எல்லாருந்தான் பாத்தோம். டேப்புதானேனு இருந்துட்டோம்." பன்னை டீயில் தோய்த்தாள். அது கரைந்து உள்ளே விழுந்துவிட்டது. "பாரு, ஒன்னோட பேசிகினு இருந்தா பன்னு கூட தற்கொல பண்ணிக்குது."

பிறகு வேலையை விட்டு, கேட் விற்கிற கடையில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாளாம். ரிப்பேருக்கு ஆள் வரவில்லை, வரவில்லை என்று கஸ்டமர் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். அவ்வளவுதான் அவள் படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங் சந்துக் கேட் பக்கத்திலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, வடை, காபி. தண்ணி கேன் நான்தான். எனவே அழைக்கப்பட்ட விருந்தாளி.

"முடிவா சொல்லும்மா" என்றார் செகரட்டரி. "வயரை முறுக்குறியா, இல்லையா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் வடையை நிறுத்தினேன்.

"முறுக்கறேன் சார்" என்றாள்.

எனக்கே சப்பென்று போய்விட்டது. அவள் பெட்டியைத் திறந்தாள். வயரை முறுக்கினாள். பலத்தை அந்த எலெக்ட்ரீஷியன் வைத்த மாதிரியே ஏற்றினாள். பூசணியை எடுத்துவந்து பாதையில் வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாள்.

கேட் வந்தது. பூசணியைத் தொட்டது. திரும்பவில்லை. தூணோடு வைத்து நெரித்தது. பொட்டென்று வெடித்து, விதையும் சதையும் முன்வரிசை வேட்டி வரைக்கும் தெறித்தது.

"திருஷ்டி கழிஞ்சுது!" என்றார் அந்த அமாவாசை வீட்டம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

அக்கா சிரிக்கவில்லை. "வேல முடிச்சா கடசியில ஒருத்தர் நிக்கணும் சார். அது என் பயக்கம். இத்தினி நாளு நான் நின்னேன். இன்னிக்கி எனக்கு பயமா கீது. நான் நிக்க மாட்டேன். வேற யாரு நிக்கிறீங்க?"

ரிமோட்டை நீட்டினாள். ஒருவர் காபியில் ஈ விழுந்ததா என்று கவனமாகப் பார்த்தார்.

செகரட்டரி ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "எதுக்கும்மா நிக்கணும்? பூசணிக்காய்க்குக் கண்ணு கிடையாது. மனுஷனுக்கு இருக்கு. பார்த்து வருவான்."

அப்போதுதான் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கைத்தடி சத்தம். மங்கி குல்லா. பெரியவர் டீ முடித்துத் திரும்பி வந்திருக்கிறார். மீட்டிங் இங்கே நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ.

செகரட்டரி முகம் வெளுத்தது. "அப்பா! அங்க என்ன பண்றீங்க?"

"டீ சாப்பிட்டேன்."

"டீயா? சர்க்கரை போட்டா?"

"சர்க்கரை போடாம குடிக்க அது என்ன உன் வீட்டுக் கஷாயமா?"

நாற்காலிகளில் சிரிப்பு ஓடியது. செகரட்டரி ரிமோட்டைத் தூக்கினார். "முதல்ல உள்ள வாங்க. திறக்கிறேன்."

"வர மாட்டேன்." பெரியவர் கைத்தடியால் பூசணியைக் காட்டினார். "அப்படி ஆக எனக்கு இஷ்டம் இல்ல."

"பார்த்து வாங்கப்பா!"

"நான் பாத்து என்னடா பண்றது? என் காலு பாக்குமா? இந்தக் கேட் இத்தனை நாளா எனக்காக நின்னுது. அதை நம்பித்தான் நான் வெளியவே வரேன். கண்ணைத் தொறந்து விடச் சொல்லு, வரேன். இல்லைனா டீக்கடையிலயே இருந்துக்கறேன். அங்க பெஞ்சு இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது. "அமுத்துங்க சார்! மனுசன்தானே, பாத்து வருவாரு!"

செகரட்டரி என்னை முறைத்தார். அவருடைய கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. கேட்டைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார், தன் வேட்டியில் ஒட்டியிருந்த பூசணி விதையைப் பார்த்தார். பிறகு நடந்துபோய் ரிமோட்டை அக்கா கையில் வைத்தார்.

"பிரிச்சு விடும்மா."

"மறுபடி யாரும் முறுக்க மாட்டாங்களே சார்?"

"பெட்டிச் சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும். நீயே பார்த்துக்கோ."

அவள் பிரித்தாள். பலத்தைக் குறைத்தாள். பூசணி இல்லை. சுற்றிப் பார்த்தாள். நான் ஓடிப்போய் ஒரு காலி கேனைக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். கேட் வந்து அதைத் தொட்டு, மன்னிப்புக் கேட்ட மாதிரி பின்வாங்கியது. அடுத்து அவள், எப்போதும்போல, முதுகைக் காட்டி நின்றாள். நாற்காலியில் இருந்தவர்கள் முதல்முறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். கேட் நின்றது.

"வாங்க பெரியவரே" என்றாள்.

பெரியவர் பட்டனை அழுத்திவிட்டு நடந்தார். சரியாக நடுவில் வந்ததும் நின்றார். செருப்பு வார் சரியில்லை என்று குனிந்தார். நிமிர்ந்தார். குல்லாவைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி மாட்டினார். செகரட்டரி நெளிந்தார். கேட் ஓரமாகக் காத்து நின்றது. அதற்குள் ஞாயிறு ஷிப்டுப் பெண்கள் "பஸ்ஸு வந்துடுச்சுடி" என்று அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், தயிர் சாதத்தைப் பறிகொடுத்தவளும் புது டிபன் பாக்ஸோடு. பஸ் போகிற வரைக்கும் அந்தக் கேட்டால் மூடவே முடியவில்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. தண்ணி கேன் என் தோளை விட்டு இறங்கியது. இப்போது நானும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். பாலிடெக்னிக் அரியரைக்கூட எழுதலாம் என்று இருக்கிறேன், சிரிக்காதீர்கள். அக்காவைப் பார்ப்பதில்லை. அவளுக்கு இப்போது லேஅவுட் ஐந்தாறு, கூட வேலை செய்ய அந்த விரல் போன சிநேகிதியையும் சேர்த்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் காலை ஷிப்டு பஸ்ஸில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஸ் சிக்னலுக்காக ஊர்ந்தது. சன்னலோரம் இருந்த பெண்கள் திடீரென்று அலறினார்கள்.

"அய்யோ! அந்தப் பொம்பள மேல கேட்டு வருது! டிரைவர், ஆரன் அடிங்க! யக்கா, நவுரு!"

பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு புது வீட்டு வாசல், பழைய ஸ்கூட்டி, கால் வைக்கிற இடத்தில் பூசணிக்காய். பஸ் நகர்ந்து, ஒரு கன்டெய்னர் லாரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"இன்னா ஆச்சோ தெரிலியே" என்று பக்கத்து சீட்டுப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நீ இன்னாடா, கல்லாட்டம் இட்லி துன்னுகினு கீற?"

"ஒண்ணும் ஆவல" என்றேன். "வேல முடிஞ்சிடுச்சுனு அர்த்தம்."